அரிதாரம் கலைத்த பின் எழுதியவை

நாடகக்காரர்களின் தன்வரலாறுகளில் நம் சங்கத்தின் இளைய உறுப்பினர்கள் எவற்றைப் படிக்கலாம் என்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டார்கள். தலைவர் ஐயாவும் சொன்ன பிறகு தட்ட முடியவில்லை. பாய்ஸ் கம்பெனி, அமெச்சூர் சபா, ஸ்பெஷல் நாடகம் எல்லாம் நம்மவர்க்குத் தெரிந்த மரபுகள். அவற்றை விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை.

சபா மரபை அறிய பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடகமேடை நினைவுகள்' ஒன்றே போதும். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர், பட்டதையும் கற்றதையும் ஆறு பாகங்களில் சொல்கிறார். ஸ்திரீ பார்ட்டில் பேர்பெற்ற ரங்கவடிவேலுவைப் பற்றி எழுதும்போது தாம் ஒதுங்கி நின்று நண்பரை முன்னே நிறுத்துகிறார். பிறரை இப்படி மேடையேற்றத் தெரிந்தவர் எழுதியதே நல்ல நினைவு நூல். நான் கைக்கொள்ளும் அளவுகோல் அதுதான்.

கம்பெனி மரபுக்கு அவ்வை தி.க. சண்முகம் அண்ணாச்சியின் 'எனது நாடக வாழ்க்கை'. 1918இல் ஆறு வயதுப் பிள்ளையாகச் சங்கரதாஸ் சுவாமிகளிடம் சேர்ந்தவர் எழுதியது. நான் இந்த வழியில் வந்தவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னால் மூத்தோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1972இல் அந்த நூல் வந்ததும், ஒத்திகை முடிந்த இரவுகளில் எங்கள் வாத்தியார் எங்களில் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்வார். சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி'யை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்த இடம் வந்ததும் நாங்கள் வியந்து நின்றோம். வாத்தியார் படிப்பை நிறுத்தினார். "எழுதினது சுவாமிகள். அத்தனையையும் பாடம் பண்ணினது யாரு? சின்னப் பயலுக! அதைப் பாருங்கடா" என்றார். அதன் பிறகு அந்த நூலில் பாடம் கேட்ட பிள்ளைகள்தாம் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

வாத்தியார் தம் கதையை எழுதவே இல்லை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் ராஜபார்ட் கைவிட்டுப் போனது. சம்பளம் குறைந்தும் கம்பெனியை விடாமல் படுதா இழுத்தார். இழுத்துக்கொண்டே எல்லாருடைய பாடத்தையும் கேட்டு மனப்பாடம் செய்தார். வாத்தியார் ஆனது அப்படித்தான். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பு இருந்ததே இல்லை. கேட்டவர்கள் இன்று நாலைந்து பேர்தான் இருக்கிறோம்.

விந்தன் கேட்க எம்.ஆர். ராதா சொன்ன 'சிறைச்சாலை சிந்தனைக'ளையும் விடக்கூடாது. அவர் கருத்துகளை ஏற்காத பெரியவர்கள் நம்மிடையே உண்டு. ஆனாலும் அந்தப் பேச்சு மொழிக்காக, வாய்விட்டுப் படித்துக் கேட்க வேண்டிய நூல் அது.

இப்போது வருபவற்றைப் பற்றி யார் பெயரும் சொல்லாமல் ஒரு வார்த்தை. நன்றாக எழுதுபவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அண்மையில் என் கைக்கு வந்த நினைவு நூல் ஒன்றில் பொன்னாடைப் படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன; பாடம் சொன்னவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. பின்பாட்டுக்காரர், ஹார்மோனியக்காரர், வேடம் தீட்டியவர் யாருமே இல்லை. எல்லாம் தாமாகவே வந்ததாம்! வேறு ஒருவர் எழுதித் தர, இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேட்டிகளிலும் யாரோடு சண்டை, எவ்வளவு சம்பளம் என்பதே பேச்சு. ஒத்திகை எத்தனை நாள் நடந்தது என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. ஒத்திகையே இல்லாதபோது எதைச் சொல்வது? வசனம் காதில் கருவி வழியாக வருகிறது. பாட்டுக்கு வாயசைத்தால் போதும். குருவை வணங்காமல் மேடையேறுகிறார்கள், கைதட்டு ஓயும் முன் கிளம்பிவிடுகிறார்கள். பாடம் கேட்காத தலைமுறைக்கு நினைவு மட்டும் எங்கிருந்து வரும்? இதையெல்லாம் பார்க்க வாத்தியார் இல்லை என்று சில நாள் ஆறுதல்கூடப் படுகிறேன்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். எண்பதைக் கடந்த நம் உறுப்பினர்களை இந்த ஆண்டே உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். முதல் கேள்வி, யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்பதாக இருக்கட்டும். சங்க நூலகத்தில் 'நாடகமேடை நினைவுகள்' நான்காம் பாகத்தைக் காணவில்லை. இரவல் கொண்டுபோனவர்கள் தயவுசெய்து திருப்பித் தர வேண்டுகிறேன்.