மதிப்பெண்ணுக்காக எழுதப்படும் மனக்குறிப்பு

பி.எட். படிப்பை 2 ஆண்டாக நீட்டிய 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகளுக்குப் பிறகு, பயிற்சி ஆசிரியர்கள் சுமக்கும் ரெக்கார்டு நோட்டுகளோடு ரிஃப்ளெக்டிவ் ஜர்னலும் சேர்ந்துகொண்டது. அன்றன்று வகுப்பில் நடந்ததை நினைத்துப் பார்த்து எழுத வேண்டும். எம்.பி.பி.எஸ். மாணவர்களின் லாக்புக்கிலும் இந்த வழக்கம் வந்துவிட்டது. மாணவர் தன்னையறிந்து வளர இதைவிட நல்ல வழியில்லை என்று கொண்டாடுபவர்கள் பெருகிவிட்டார்கள். எழுதிப் பார்ப்பதால் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. மனதில் மூட்டமாகக் கிடப்பது வாக்கியமாகும்போது எழுவாய் கேட்கிறது. ‘வகுப்பு சரியாகப் போகவில்லை’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தப்பிக்கலாம். ‘நான் அந்தப் பையனை எல்லோர் முன்னும் அவமானப்படுத்தினேன்’ என்று எழுதியபின் தப்பிக்க வழியில்லை.

ஆனால் இந்த இரண்டாவது வாக்கியத்தை உள்மதிப்பீட்டுக்குப் போகும் நோட்டில் யார் எழுதுவார்? இவ்வழக்கத்தின் அடிப்படைக் கோளாறு இதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தம்மை வருத்திய அனுபவங்களை எழுதினார்கள். நடந்ததையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதியது ரகசியமாக இருந்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது. எழுத்தின் பலனைப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நம் ஜர்னலிலோ பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சுருக்கொப்பம். அதற்கு மேலே என்ன இருக்கும்? ‘ஒளிச்சேர்க்கை நடத்தினேன். மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தனர். கரும்பலகையில் என் எழுத்து சிறிதாக இருந்தது. அடுத்த வகுப்பில் திருத்திக்கொள்வேன்.’ ஒப்புக்கொள்வதற்கென்றே தேர்ந்தெடுத்த குறை அது. யாரையும் சுடாது, எழுதியவருக்கு அடக்கமானவர் என்ற பெயரையும் வாங்கித் தரும். பொய் சொல்வதைவிட இது மோசமானது. பொய் சொல்கிறவருக்குத் தான் மறைப்பது என்னவென்று தெரியும். வாரக்கணக்கில் இப்படி எழுதிப் பழகியவரோ, தன்னைப் பார்க்கிறோம் என்ற நம்பிக்கையிலேயே தன்னைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார். நாளைக்கு இவர் கையில்தான் 40 பிள்ளைகளை ஒப்படைக்கப் போகிறோம்.

மதிப்பெண் இல்லாவிட்டால் யாரும் எழுதவே மாட்டார்கள் என்று பதில் வரும். எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் எழுதியதை எடைபோடுவதும் வேறு வேறு. ஆசிரியர் படிக்காவிட்டால் எப்படி வழிகாட்டுவார் என்பார்கள். தேர்வாளராகப் படிக்கும்வரை அவர் கண்ணில் படுவது அந்தச் சிறிய எழுத்து மட்டும்தான். அதை வைத்து எதற்கு வழிகாட்ட முடியும்? நோட்டில் பக்கங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று புரட்டிப் பார்க்கட்டும், படிக்க வேண்டாம். மாணவரே விரும்பிக் காட்டும் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். அந்த அரைமணிக்கு மதிப்பெண் பட்டியலில் கட்டம் போடாமல் இருந்தால் போதும்.