வோல்ற்றளவு உயர்த்தியும் பின்னூட்டலும்: ஒரு விமர்சன நோக்கு

பின்னூட்டற் கட்டுப்பாடு பற்றிய நமது பொறியியற் கல்வி பெரும்பாலும் சீரானதோர் உலகை எடுகோளாகக் கொண்டே நடைபெறுகின்றது. மின்முதல் மாறாதது, சுமை அறியப்பட்டது, விலகல் சிறியது என்பன அவ்வெடுகோள்களாம். இவற்றின்மீது வரையப்படும் கட்டுப்படுத்தி தாளிலே செம்மையாக இயங்கும். வட்டகொடை போன்ற மலைநாட்டுத் தோட்டப்புறமொன்றில் அது எவ்வாறு இயங்கும் என்ற வினாவை எழுப்புவதே நமது நோக்கமாகும்.

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் இடையே அமைந்த வட்டகொடை, தென்மேல் பருவக்காற்றின் முகிலையும் மூடுபனியையும் நேரே எதிர்கொள்ளும் சரிவிலுள்ளது. இலங்கையில் உலக வங்கியின் உதவியுடன் 1997 இலும் 2002 இலும் தொடங்கப்பட்ட திட்டங்களின்கீழ் வீட்டுச் சூரிய மின் தொகுதிகள் பரவின. பின்னர் மின்கம்பிகள் வந்தன. எனினும் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, சிறு மின்தகடும் பற்றரியும் மீண்டும் பொருளுடையனவாயின. பற்றரியின் 12 வோல்ற்றை 24 வோல்ற்றாக்க வேண்டுமிடத்து நேரோட்ட உயர்த்தி தேவைப்படுகின்றது.

உயர்த்தியின் தத்துவம் எளியது. ஆளி மூடியிருக்கையில் தூண்டி சக்தியைச் சேமிக்கின்றது. ஆளி திறந்ததும் அச்சக்தி மின்முதலோடு கூடி, இருவாயி வழியே கொள்ளளவிக்கும் சுமைக்கும் செல்கின்றது. இழப்பில்லாத நிலையில், ஆளி பாதி நேரம் மூடியிருப்பின் வோல்ற்றளவு இருமடங்காகும். இத்தகைய மாற்றிகளைச் சராசரி மாதிரியுருவால் ஆராயும் பொதுமுறையை மிடில்புறூக்கும் சூக்கும் 1976 இல் முன்வைத்தனர். அம்முறை இத்துறைக்குச் செய்த தொண்டு பெரிது. நமது குறை அம்முறையைப் பற்றியதன்று. ஓர் இயங்குபுள்ளிக்குப் பெற்ற ஏகபரிமாண மாதிரியுருவை எல்லா நிலைக்கும் உரியதாகக் கொள்ளும் வழக்கத்தையே நாம் மறுக்கிறோம்.

வெளியீட்டை உயர்த்த விரும்பின் ஆளியைக் கூடுதல் நேரம் மூடவேண்டும். ஆனால் மூடிய வேளையில் சுமைக்கு மின்முதலிலிருந்து எதுவும் செல்வதில்லை. ஆகவே வெளியீடு முதலில் தாழ்ந்து, பின்னரே உயர்கின்றது. கோட்பாட்டாளர் இதனை வலது அரைத்தளப் பூச்சியம் என்பர். அவசரமான கட்டுப்படுத்தி இத்தாழ்வைக் கண்டு ஆளியை மேலும் மூட, தொகுதி அலைவுறும்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். தூண்டி 200 மைக்ரோ ஹென்றி. சுமை 24 வோல்ற்றில் 1 அம்பியர். மின்முதல் 12 வோல்ற்றாயின் அப்பூச்சியம் ஏறத்தாழ 4800 ஹேட்சில் அமையும். பற்றரி 10 வோல்ற்றுக்குத் தளர்ந்து, சுமையும் 2 அம்பியராயின் அது ஏறக்குறைய 1660 ஹேட்சுக்கு இறங்கிவிடும். முதல் நிலையை மட்டும் கருதி, பின்னூட்டற் தடத்தின் நயம் ஒன்றாகும் மீடிறனை 1600 ஹேட்ஸ் எனத் தெரிந்தவருக்கு, அம்மீடிறனில் 18 பாகையாயிருந்த அவத்தைப் பின்னடைவு 44 பாகையாகின்றது. உறுதிப்பாட்டுக்கென ஒதுக்கிய எல்லையிற் பெரும்பகுதி இவ்வாறு கரைந்துபோகும்.

இதனினும் பாரதூரமான குறை ஒன்றுண்டு. பற்றரி முதுமையடைந்து தாங்குந்திறன் இழந்தவிடத்து மின்தகடே நேர்முதலாகிவிடும். முகில் மூட, தகடு தரக்கூடிய உச்ச வலு சுமை கோரும் வலுவினும் குறைகின்றது. வெளியீட்டை மட்டும் அளக்கும் கட்டுப்படுத்தி ஆளியை மேலும் மேலும் மூடுகின்றது. தகட்டின் வோல்ற்றளவு சரிய, கிடைக்கும் வலுவும் குன்றுகின்றது. மூடுநேரத்துக்கு வரம்பில்லையாயின், ஈற்றில் ஆளி மூடியபடியே நின்று தகட்டைக் குறுஞ்சுற்றாக்கிவிடும். முகில் விலகிய பின்னும் விளக்கு எரியாது. சூரியன் வந்துவிட்டது என்ற செய்தி வெளியீட்டில் இல்லையாதலின், கட்டுப்படுத்தி அதனை அறியாது.

பரிகாரங்கள் அறியப்படாதனவல்ல. தூண்டியின் ஓட்டத்தை அளக்கும் உட்தடம் ஒன்று வேண்டும். மூடுநேர விகிதத்துக்கு உச்சவரம்பு வேண்டும். மின்முதலின் வோல்ற்றளவும் பின்னூட்டப்படல் வேண்டும். அது குறித்த எல்லைக்குக் கீழே சரியின், வெளியீட்டுக் கோரிக்கையைத் தளர்த்தவோ சுமையின் ஒரு பகுதியைத் துண்டிக்கவோ வேண்டும். வேகத்தை மோசமான நிலைக்கேற்பத் தெரிதலும் இன்றியமையாதது. இவற்றாற் சிறிது செலவு கூடும், மறுமொழி மந்தமாகும். ஆயினும் நல்ல வெயிலில் விரைந்து திருந்தும் சுற்றைவிட, மூடுபனியில் அணைந்துபோகாத சுற்றே லயன் வீட்டுக்குப் பயனுடையது என்பதை யார் மறுப்பர்?

வெளியீட்டை மட்டும் அளந்து, குறை கண்டவிடத்து முதலை மேலும் பிழியும் தர்க்கம் தோட்டப்புறத்தாருக்குப் புதியதன்று. நாளாந்தக் கொழுந்தின் நிறை அங்கு அளக்கப்படுகின்றது. கொய்யும் கையின் இளைப்பு அளக்கப்படுவதில்லை. எதனை அளப்பது என்ற தெரிவு கணிதத்துக்கு முன்னரே செய்யப்படுகின்றது. அத்தெரிவுக்குப் பொறியியலாளனே பொறுப்பாளி.

ஆதலின் நமது கோரிக்கை இதுவே: மாணவர் சமர்ப்பிக்கும் ஒவ்வோர் உயர்த்தி வடிவமைப்பும், தளர்ந்த பற்றரி, உச்சச் சுமை, திடீர் முகில் ஆகிய மூன்று நிலைகளிலும் ஆய்வுகூடத்தில் சோதிக்கப்படல் வேண்டும். அங்கு தேறாத கட்டுப்படுத்திக்குப் புள்ளி வழங்குவது முறையன்று.