முதல் 24 மணி நேரம்

"24 மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்." தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர்களுக்குக் கிடைக்கும் இந்தப் பதிலுக்கு ஒரு கணக்கும் உண்டு. 1985இல் வில்லியம் நாஸும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் வெளியிட்ட அபாச்சி-2 முறை, முதல் 24 மணி நேரத்தில் இரத்த அழுத்தம், சுவாசம், இரத்தத்தின் அமிலத்தன்மை, நினைவுநிலை உள்ளிட்ட 12 அளவுகளில் மிக மோசமாகப் பதிவானவற்றை எடுத்துக்கொள்ளும். வயதையும் நாள்பட்ட நோய்களையும் சேர்த்து 0 முதல் 71 வரை மதிப்பெண் இடும். எண் ஏற ஏறப் பிழைக்கும் வாய்ப்பு குறையும்.

கூட்டத்தைப் பற்றி இது நன்றாகவே பேசுகிறது. இறப்பு வாய்ப்பு 30 சதவீதம் என்றால், அந்த நிலையிலுள்ள 100 பேரில் சுமார் 30 பேர் இறப்பார்கள். படுத்திருக்கும் உங்கள் அப்பா அந்த 30 பேரில் ஒருவரா என்பதை அது சொல்லாது. கணக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் இறந்தால், மருத்துவமனை தன்னையே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். என் பார்வையில் அபாச்சியின் உண்மையான வேலை இதுதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரே நாளில் நிரம்பி வழிந்தது. சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் நோயாளிகள் அனுப்பப்பட்டார்கள். யாருக்கு முதலில் டயாலிசிஸ் என்று முடிவெடுக்க வேண்டிய அப்படிப்பட்ட இரவில் பொதுவான மதிப்பெண் ஏமாற்றிவிடும். மெத்தனாலைக் கல்லீரல் மெல்ல மெல்லத்தான் ஃபார்மிக் அமிலமாக்குகிறது. குடித்து 12 மணி நேரம் கழிந்தும் ஒருவர் நடந்தே வந்து "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு" என்பார். அவருடைய மதிப்பெண் குறைவாக இருக்கும், ஆனால் விஷம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். முதல் இறப்புகளுக்குச் சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் மறுத்ததால் பறிபோன நேரம் எந்தப் படிவத்திலும் ஏறாது.

எஸ்தோனியா, நார்வே முதலிய நாடுகளின் மெத்தனால் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் எளிமையான வழி ஒன்றைக் கண்டார்கள். இரத்தத்தின் பி.ஹெச். 7க்குக் கீழே போயிருக்கிறதா, நோயாளி கோமாவில் வந்தாரா, அமிலம் ஏறியும் மூச்சு வேகமெடுக்காமல் இருக்கிறதா? இந்த மூன்றும் சாவை நன்றாகவே முன்னறிவித்தன. 12 அளவுகளைத் தேடி அலைவதைவிட, நோயின் போக்கை அறிந்து கேட்கும் மூன்று கேள்விகள் மேல்.

பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு இலங்கையின் பேராதனையில் 1993இல் உருவான அளவுகோலும் இந்த வகைதான். கண்மணியின் அளவு, மூச்சு, நாடி, தசைத்துடிப்பு, நினைவு, வலிப்பு ஆகியவற்றைப் பார்த்து 11க்கு மதிப்பெண் போடலாம். ஆய்வகமே வேண்டாம். கல்வராயன் மலையடிவாரத்தில் வடக்கனந்தல் போன்ற விவசாய ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. எங்கோ உள்ள பெரிய மருத்துவமனையின் கணினிக்காகக் காத்திருக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே போட்டுவிடலாம்.

அபாச்சியின் இன்னொரு குறை ஊர்த் தொலைவில் இருக்கிறது. கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து இறங்கும் நோயாளிக்கு வழியிலேயே சலைன் ஏற்றி இரத்த அழுத்தத்தைத் தூக்கிவிடுவார்கள். சேலம் போய்ச் சேரும்போது அளவுகள் தேறியிருக்கும், மதிப்பெண்ணும் குறைந்திருக்கும். அவர் இறந்தால், பிழைக்க வேண்டியவரைச் சேலம் சாகவிட்டது போலக் கணக்கு காட்டும்.

இதைவிட ஆபத்தானது, கணிப்பு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்வது. "செலவுதான் ஆகும், வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று சொன்னதும் குடும்பம் கையெழுத்துப் போட்டுச் சுவாசக் கருவியைக் கழற்றச் சொல்கிறது. வீடு போய்ச் சேரும் முன் உயிர் போகிறது. மதிப்பெண் சரியாகச் சொன்னது என்று அடுத்த நோயாளிக்கு அதுவே சான்றாகிறது. கையில் பணமில்லாததால் நின்றுபோன சிகிச்சையும் அந்த எண்ணுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

குணமாவதைப் பற்றி இந்த முறைகள் அநேகமாக வாய் திறப்பதில்லை. உயிரோடு மருத்துவமனையை விட்டு வெளியேறினால் அவற்றின் கணக்கில் வெற்றி. மெத்தனால் பார்வை நரம்பைத் தின்னும், கருணாபுரத்தில் பிழைத்தவர்களிலும் கண் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. கூலி வேலைக்குப் போக முடியாத அந்த மனிதரும் அபாச்சியின் ஏட்டில் தேறியவர்தான்.