எஞ்சின் இல்லாத முன்பக்கம்

நீராவி மலை ரயிலைப் படமெடுப்பது இன்று ஒரு மரபாகவே உருப்பெற்றுவிட்டது. 1999இல் டார்ஜிலிங்கின் இரண்டடிப் பாதையும், 2005இல் நீலகிரியின் மீட்டர் கேஜ் பாதையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் இவை இரண்டும் இந்த மரபின் புண்ணிய ஸ்தலங்கள். மரபு என்றால் வாய்பாடு வேண்டுமே. வளைவு, பாலம், எஞ்சினின் முகம், அதன் தலைக்குமேல் வெண்பொதி, பின்னால் பழுத்துச் சிவந்த இலைகள். காலண்டர்களிலும் ஆல்பங்களிலும் ரயில்வே சுவரொட்டிகளிலும் நாம் பார்ப்பது இந்த ஒரே படத்தின் பிரதிகளைத்தான். படத்தில் அழகு இல்லை என்பது என் வாதமல்ல. அந்த அழகு எதை வெளியே தள்ளிவிட்டு வந்தது என்பதே கேள்வி.

நீலகிரிப் பாதையின் அடிப்படை உண்மை ஒன்று உண்டு. கல்லாறிலிருந்து குன்னூர்வரை, பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்று ஏறும் சரிவில், எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கும் பல்வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறுகிறது. (மாகறல் கோயிலின் லிங்கம் உடும்பின் வால் வடிவம் என்பார்கள். அந்த ஊர்க்காரனான எனக்கு இந்தப் பிடியைச் சொல்ல வேறு உவமை தேவைப்படவில்லை.) ஒரே நீராவி முதலில் ஓடு சக்கரங்களைத் திருப்பி, பிறகு, பாதி வலுவிழந்த நிலையில், பல்சக்கரத்தையும் திருப்புகிறது. ரயிலின் முன்பக்கத்திலோ எஞ்சினே இல்லை. முதல் பெட்டியின் திறந்த மேடையில் கொடியுடன் ஒரு மனிதர் நிற்கிறார். பெட்டிக்கு ஒருவராக இப்படிப் பிரேக் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பாதையைப் பார்ப்பவர் முன்னால், பலத்தைத் தருவது பின்னால். இவர்களுக்கிடையே பேச்சு கொடியால்தான்.

வாய்பாட்டுக்கு இது ஒத்துவருவதில்லை. எஞ்சின் முன்னால் வருவது இறக்கத்தில். அப்போது அதற்கு ஏற்றத்து மூச்சு தேவையில்லை. முகமும் முயற்சியும் ஒரே சட்டத்துக்குள் அகப்படாதபடி இந்த ரயில் தன்னை அமைத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சங்கடத்தைப் படமாக்கியவர்கள் அபூர்வம். கொடியுடன் நிற்பவரைப் பிரதானமாக வைத்து, எஞ்சினைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு உந்துதலாக மட்டும் உணர்த்தும் படம் எடுத்தவனையே இந்தப் பாதையின் கலைஞன் என்பேன்.

‘பழமை’ என்ற லேபிளும் சோதனைக்குரியது. பாதை 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் திறக்கப்பட்டது. எஞ்சின் குலம் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தது. ஆனால் இன்று இங்கு ஓடும் எஞ்சின்களில் சில 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகக் கட்டப்பட்டவை. நூற்றாண்டின் சுருக்கங்களைத் தேடி லென்ஸைத் திருப்புகிறவர், அண்மையில் நம் தொழிலாளிகள் காய்ச்சி அடித்த இரும்பையே படமெடுத்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கைகளைப் பற்றி அவருக்குப் பிரக்ஞை இல்லை. அவருக்கு வேண்டியது உருவம், உருவாக்கம் அல்ல.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலை சிவக்கும் இலையுதிர்காலம் ஐரோப்பாவின் அனுபவம். நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் கூதிர், மழை. குளிர்ந்த ஈரக்காற்றில் நீராவி சட்டென்று துளிகளாகி வெண்பொதியாகத் திரளும் என்பதால் படக்காரர்களுக்கு இந்த மாதங்கள் உகந்தவை. அந்தப் பொதியில் எஞ்சினுக்கு உள்ள பங்கு காற்றுக்கும் உண்டு. ஆனால் அதே மாதங்களில்தான் மலை சரிகிறது. 2009 நவம்பரில் நீலகிரியின் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின, பாதையும் சிதைந்து மூடிக் கிடந்தது. கடப்பாரையும் கூடையுமாகச் சேற்றை அள்ளுகிறவர்களே இங்கு கூதிரின் படம். சிவந்த இலை இரவல் வாங்கியது.

இந்தக் கண்ணை நான் காஞ்சிபுரத்திலும் பார்க்கிறேன். தறியைப் படமெடுக்க வருகிறவர்கள் ஜரிகையையும் நெசவாளியின் விரல்களையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கோர்வைத் தறியில் மறுபக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வீசும் துணையாள் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். அவர் இல்லாமல் கரையும் உடலும் கோர்க்காது. புடவை பாரம்பரியம் ஆனதும் துணையாள் மறைகிறார். ரயில் பாரம்பரியம் ஆனதும் கொடிக்காரர் மறைகிறார்.

ஜோடனை கூடாது என்று சொல்லவரவில்லை. அமெரிக்காவில் 1955 முதல் 1960வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையின் கடைசி நீராவி நாட்களைப் படமெடுத்த வின்ஸ்டன் லிங்க், இரவில் ஏராளமான விளக்குகளைப் பொருத்தி, ஆட்களை நிறுத்தி, முழுக்க ஜோடித்தார். ஆனால் அவர் சட்டத்துக்குள் வீட்டுக் கூடமும், குளிக்கும் பிள்ளைகளும், திறந்தவெளி சினிமா பார்க்கும் ஜோடியும் இருக்கிறார்கள். எஞ்சின் அவர்கள் வாழ்க்கையைக் கடந்து போகிறது. நம்மிடமே உதாரணம் உண்டு. 1982இல் வந்த ‘மூன்றாம் பிறை’யின் இறுதியில் கேத்தி ஸ்டேஷனில் பாலு மகேந்திரா ரயிலை அழகு பார்க்கவில்லை. அது புறப்படுகிறது, ஒருத்தியைக் கொண்டுபோகிறது, ஒருவனை விட்டுவிட்டுப் போகிறது. ரயிலின் தொழில் அதுதானே.

கவிதை எழுதுகிற நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் பத்திரிகைகளில் வரும் கரிவாசனைக் கவிதைகளையும் கிராமத்துத் திண்ணைக் கவிதைகளையும் எடுத்துப் பாருங்கள். திண்ணை இருக்கும், அதை மெழுகியவள் இருக்கமாட்டாள். இழந்ததற்காக ஏங்குவது சுலபம். இழந்ததாக நாம் அறிவித்துவிட்ட ஒன்று இன்றும் யாருடைய உழைப்பில் மலையேறிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது சிரமம். அந்தச் சிரமத்தை ஏற்காத படிமம், படத்திலோ கவிதையிலோ, வெறும் ஆவி.