கரமனையில் ஒரு கூர்ஸ்க்

சித்திரை வெயிலிலும் கரமனை வீட்டு மாடி அறையில் நாங்கள் மின்விசிறியைப் போடுவதில்லை. போட்டால் கட்டைவிரல் நகம் அளவுள்ள அட்டை வில்லைகள் வரைபடத்தை விட்டுப் பறந்துவிடும். முதுகில் வியர்வை வழிய, மேசையைச் சுற்றி நான்கு பேர் குனிந்து நிற்போம். இருவருக்கு டெக்னோபார்க்கில் வேலை. ஒருவர் சாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரி. நான்காவது ஆள் நான். மேசைமேல் அறுகோணக் கட்டம் போட்ட ரஷ்ய நிலம் விரிந்து கிடக்கும்: காடு, ஓடை, மண்சாலை, மேடு. ஆண்டு 1943, கூர்ஸ்க் போர். ஒரு பக்கம் ஜெர்மனியின் டைகர், பாந்தர் டாங்கிகள், எதிர்ப்பக்கம் சோவியத்தின் டி-34.

திருவனந்தபுரத்தில் இப்படி ஒரு விளையாட்டா என்று கேட்கிறார்கள். வான்ரோஸ் சந்திப்பில் ரஷ்யப் பண்பாட்டு மையமும் ஜவஹர் நகரில் ஜெர்மன் கற்பிக்கும் கோதே மையமும் உள்ள ஊர் இது. இங்கே எங்கள் தலைமுறை பிரபாத் புக் ஹவுஸ் விற்ற சோவியத் நூல்களைப் படித்து வளர்ந்தது. ஆகவே இந்த இரு நாடுகளின் டாங்கிச் சண்டை எங்களுக்கு அன்னியமாகப்பட்டதே இல்லை.

போர் விளையாட்டைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அதை வரலாறு என்றே நம்பிவிடுவோரோடும் இல்லை. அது கற்றுத் தருவது நிறைய. அதில் ஆழமான ஒரு பிழையும் உண்டு. அந்தப் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

முதலில் அது கற்றுத் தருவதைச் சொல்கிறேன். டி-34-இன் முன்தகடு 45 மி.மீ. கனம்தான். ஆனால் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து வைத்திருப்பதால், நேரே வரும் குண்டு 90 மி.மீ. எஃகைக் கடந்தாக வேண்டும். டைகரின் முன்தகடு 100 மி.மீ.; கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும். ஒருவர் சாய்வை நம்பினார், மற்றவர் கனத்தை நம்பினார். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். டைகரின் 88 மி.மீ. பீரங்கிக்கு எதிரே ஆயிரம் மீட்டர் திறந்தவெளியைக் கடந்தே ஆக வேண்டிய ஒரு ஞாயிறு மதியத்தை மறக்க முடியாது. சுற்றிவளைத்துப் பக்கவாட்டுக்குப் போகலாமா, புகை போட்டு நெருங்கலாமா, ஐந்து வண்டியைப் பலிகொடுத்து ஆறாவதைக் கொண்டுபோய் நிறுத்தலாமா? அந்தக் கணக்கைப் போடும்போதுதான், சோவியத் டாங்கிப்படை ஏன் நெருக்கத்தை நாடியது என்பது உடம்புக்கே புரிகிறது.

நல்ல விதிகள் இரும்போடு நிற்பதில்லை, உள்ளே இருக்கும் மனிதரையும் கணக்கில் எடுக்கின்றன. தொடக்க கால டி-34-இன் கோபுரத்தில் இருவருக்குத்தான் இடம். வண்டித் தலைவரே கன்னரும். குறிபார்க்கக் கண்ணாடியில் கண்ணை வைத்தால் களம் மறைந்துவிடும். ஜெர்மனியின் பான்சர்-3 கோபுரத்தில் மூவர். தலைவருக்குச் சுற்றிப் பார்ப்பதும் கட்டளை இடுவதும் மட்டுமே வேலை. ரேடியோ எல்லா வண்டியிலும் இருந்தது. போரின் முதல் ஆண்டுகளில் சோவியத் பக்கம் அநேகமாகத் தலைமை வண்டிகளில்தான் ரேடியோ. மற்றவை கொடியைப் பார்த்துப் பின்தொடர்ந்தன. 'அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்' என்ற மேசை ஆட்டத்தில் ரேடியோ இல்லாத டாங்கிகள் ஒன்றையொன்று ஒட்டியேதான் நகர வேண்டும், தாய்க்கோழியை விட்டுப் பிரியாத குஞ்சுகளைப்போல. அந்த ஒரு விதி, 1941-இல் ஆயிரக்கணக்கான சோவியத் டாங்கிகள் ஏன் அழிந்தன என்பதற்கு ஒரு நூல் அளவு விளக்கம் தருகிறது. 1944-இல் மூவர் கோபுரத்தோடு வந்த டி-34-85 வில்லையைக் கையில் எடுக்கும்போது, 85 மி.மீ. பீரங்கியைவிட அந்த மூன்றாவது ஆள்தான் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஜிம் டன்னிகன் வடிவமைத்து 1970-இல் வெளிவந்த 'பான்சர்பிளிட்ஸ்' இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தது. அதில் ஜெர்மன் வில்லை ஒன்று ஒரு பிளாட்டூன். சோவியத் வில்லை ஒன்று ஒரு கம்பெனி. ஜெர்மானியர் கையில் சின்னக் கத்தி, சோவியத்தின் கையில் கோடரி. இரு படைகளும் சிந்தித்த முறையே அட்டையின் அளவில் வந்துவிட்டது. குறையும் இருந்தது. நகரும் எதிரியை நகர்ந்துகொண்டிருக்கும்போதே சுட வழியில்லாததால், டாங்கிகள் ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குத் திறந்தவெளி வழியே காயமின்றி ஓடின. நான்கே ஆண்டில் வந்த 'பான்சர் லீடர்' அதைத் திருத்தியது. ஆட்டக்காரர்கள் குறையைக் கண்டு சொல்ல, வடிவமைப்பாளர்கள் விதியை மாற்ற, இந்தக் கலை தன்னைத்தானே திருத்திக்கொண்டு வந்திருக்கிறது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

கணினி ஆட்டங்களை அதே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. 2010-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' கோடிப் பேரை டாங்கி வரலாற்றின் பக்கம் இழுத்துவந்தது உண்மை. ஆனால் பதினைந்துக்குப் பதினைந்து என்று கால்மணி நேரத்தில் முடியும் மோதலில், வெறும் அடிச்சட்டத்தோடு நின்றுபோன ஜெர்மனியின் இ-100 முழு டாங்கியாக உருண்டு வருகிறது. வண்டிக்கு உயிர்ப்புள்ளிகள் குறைந்துகொண்டே போகும். உள்ளே ஆள் இருப்பதே மறந்துவிடும்.

இனி அந்தப் பிழை. அதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. பாங்கோடு பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டாங்கிப்படைத் தஃபேதார் ஒருவர். நாகர்கோவில்காரர், எங்கள் மளிகை நண்பருக்குத் தாய்மாமா. ராஜஸ்தான் மணலில் டி-55, டி-72 இரண்டையும் ஓட்டியவர். ஒரு ஞாயிறு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு டைகர் வில்லை ஒன்றை விரலால் தொட்டார்.

"மருமவனே, இது இங்கன எப்படி வந்து நிக்கி?"

"ஆட்டம் தொடங்கும்போதே அங்கதான் மாமா நிக்கும்."

"அது சரி. ரயில்லேருந்து எறக்குனது யாரு? டீசல் எங்க?"

"அது பெட்ரோல் வண்டி மாமா."

"பெட்ரோல்னா பெட்ரோல். எங்க?"

மேசையில் பெட்ரோல் இல்லை. ரயிலும் இல்லை. பட்டறையும் இல்லை. எங்கள் ஆட்டங்களில் டைகர் எப்போதும் டாங்க் நிரம்பி, டிராக் இறுகி, எல்லாக் குண்டோடும் களத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். உண்மையில் 57 டன் எடையுள்ள அந்த வண்டியை ரயிலில் ஏற்ற, 725 மி.மீ. அகலமுள்ள போர் டிராக்கைக் கழற்றி 520 மி.மீ. டிராக்கை மாட்ட வேண்டும். இறக்கியதும் மறுபடி மாற்ற வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று கவிந்த சக்கரங்களில் உள்வரிசைச் சக்கரம் பழுதானால் வெளிவரிசையைக் கழற்றாமல் கைவைக்க முடியாது. குளிர்காலத்தில் இடுக்குச் சேறு உறைந்தால் வண்டி அசையாது. 1943 ஜூலையில் கூர்ஸ்க் களத்துக்கு வந்த 200 பாந்தர்களில் பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள் ஓடாத நிலைக்கு வந்தன. எதிரியின் குண்டு மட்டும் காரணமல்ல, எஞ்சின் தீயும் உடைந்த உறுப்புகளும்கூடக் காரணம். முதலாம் டைகர் மொத்தம் செய்யப்பட்டவை சுமார் 1,350. போர்க்காலத்தில் டி-34 ஐம்பதாயிரத்தைத் தாண்டியது.

தஃபேதார் கேட்ட கேள்விக்குள் இன்னொன்றும் இருந்தது. அவர் ஓட்டிய டி-72-இன் டீசல் எஞ்சின், டி-34-இன் வி-2 எஞ்சினுடைய நேர் வாரிசு. கார்கோவில் பிறந்த அந்த வடிவம் அரை நூற்றாண்டு கழித்தும் பிகானேர் பக்கத்து மணலில் ஓடியது. சோவியத் டாங்கிக்கலையின் மேதைமை எங்கே இருந்தது என்றால் இங்கேதான்: சாதாரண ஆள் ஓட்டலாம், சாதாரணப் பட்டறையில் சரிசெய்யலாம், ஏராளமாகச் செய்யலாம். எந்தக் குண்டு எந்தத் தகட்டைத் துளைக்கும் என்று ஆட்டம் தரும் அட்டவணையில் இதற்கு ஒரு நிரல் கிடையாது. அந்த அட்டவணையே சந்தேகத்துக்குரியது. ஜெர்மானியர் 30 பாகை சாய்த்த தகட்டில் சோதித்தார்கள். துளைத்ததாக எதை ஏற்பது என்பதற்குச் சோவியத் அளவுகோல் வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் அடுக்கும் ஆட்டங்கள் பல.

அளவில் வரும் பிழையைத் திருத்திவிடலாம். நினைவில் வரும் பிழை கடினமானது. போர் முடிந்தபின் அமெரிக்கத் தரைப்படையின் வரலாற்றுப் பிரிவுக்காக ஜெர்மன் தளபதிகள் பலர் எழுதினார்கள்; அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஜெர்மன் தரைப்படைப் பொதுப் பணியகத்தின் முன்னாள் தலைவர் ஃபிரான்ஸ் ஹால்டர். தளபதி குடேரியனின் தன்வரலாறு 1952-இலும் தளபதி மான்ஸ்டைனுடையது 1958-இலும் ஆங்கிலத்தில் வந்தன. திறமை எங்களுடையது, எண்ணிக்கை அவர்களுடையது, தோல்வி ஹிட்லருடையது என்பதுதான் அவற்றின் சாரம். சோவியத் ஆவணங்கள் பூட்டிக் கிடந்த காலத்தில் ஆட்ட வடிவமைப்பாளர்களுக்குக் கிடைத்த மூலம் அதுதான். அதனால்தான் எத்தனையோ ஆட்டங்களில் ரஷ்ய வீரன் மந்தையாக வருகிறான், ஜெர்மானியன் சிந்தித்துச் சுடுகிறான். ஹிட்லரின் எஸ்எஸ் படைக்கு மட்டும் தனியாகக் கறுப்பு வில்லை அடித்து அழகு பார்க்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. அந்தக் கறுப்புச் சீருடையின் பெயரால் எரிந்த ஊர்கள் வரைபடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாக நிற்கின்றன. வரலாற்றாசிரியர்கள் ஸ்மெல்சரும் டேவிஸும் 2008-இல் எழுதிய கிழக்குமுனைத் தொன்மம் பற்றிய நூல், போர் விளையாட்டு உலகையும் பெயர் சொல்லியே குற்றம் சாட்டியது. படித்தபோது கோபம் வந்தது. அலமாரியைத் திறந்து எங்கள் பெட்டிகளின் அட்டைப்படங்களைப் பார்த்தேன், கோபம் போய்விட்டது.

மறுபக்கத்துக் கதையும் சுத்தமில்லை. நான் பள்ளி நாட்களில் படித்த சோவியத் நூல்களில் கூர்ஸ்க் போரில் 1943 ஜூலை 12 அன்று நடந்த புரோகரோவ்கா டாங்கிச் சண்டை ஒரு மாபெரும் வெற்றி. டைகர் கூட்டத்துக்குள் டி-34கள் பாய்ந்து நொறுக்கின. அன்று காலை அங்கே ஓடும் நிலையில் இருந்த எஸ்எஸ் படையணியின் டைகர்கள் சுமார் பதினைந்துதான் என்பது இன்று தெரியும். சோவியத் தளபதி ரோட்மிஸ்ட்ரோவின் டாங்கிகளில் பல, தங்கள் தரப்பே வெட்டிய டாங்கித் தடுப்புப் பள்ளத்தில் விழுந்தன. சோவியத் இழப்பு நூற்றுக்கணக்கில். வெற்றி, அந்த வயலில் கிடைத்ததல்ல. ஜெர்மானியத் தாக்குதல் மொத்தமாக நின்றுபோனதில் கிடைத்தது. ஒரு வயலை மட்டும் காட்டும் மேசை இதைச் சொல்லவே முடியாது.

தகடும் பீரங்கியும் மட்டும் களத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1965 செப்டம்பரில் அசல் உத்தரில், காகிதக் கணக்கில் மேலான பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் தண்ணீர் பாய்ச்சிய கரும்பு வயலில் சிக்கி அழிந்தன. டாங்கி செய்யும் ஆவடிக்கு வாருங்கள். அங்கே ஜெர்மன் மரபும் ரஷ்ய மரபும் ஒரே ஊருக்குள் வாதாடிக்கொண்டிருக்கின்றன. அர்ஜுன்: 58 டன்னுக்கு மேல், எம்டியு நிறுவனத்தின் 1,400 குதிரைத்திறன் ஜெர்மன் எஞ்சின், குண்டு நிரப்ப ஓர் ஆள், மொத்தம் நால்வர். டி-90: 46 டன் சொச்சம், தானே நிரப்பும் இயந்திரம், மூவர். 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் இரண்டையும் அருகருகே ஓட்டிச் சோதித்தார்கள். அர்ஜுன் சிறப்பாகவே செய்தது என்று செய்திகள் வந்தன. தரைப்படை மேலும் 124 அர்ஜுன் கேட்டது. டி-90-ஓ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஏன்? வாதங்களைக் கேட்டுப் பாருங்கள்: பஞ்சாபின் பாலங்கள் தாங்குமா, ரயிலில் ஏறுமா, உதிரிபாகம் எங்கிருந்து வரும். பீரங்கியைப் பற்றிய பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான். தஃபேதார் கேட்ட அதே கேள்விகள்.

ஆகவே என் மேசைக்கு நான் கேட்பது ஒன்றுதான்: ஆட்டம் இன்னும் முன்னதாக, ரயிலிலும் எரிபொருளிலும் இருந்தே தொடங்கட்டும். மேசையில் தெரியாததைக் கணக்கில் எடுப்பது புதுமையும் அல்ல. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி செம்மைப்படுத்திய கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் விளையாட்டில் எதிரி எங்கே என்று ஆடுபவருக்குத் தெரியாது. நடுவர் ஒருவர் தெரிந்த அளவு மட்டும் சொல்வார். 1940 இறுதியில் ரஷ்யப் படையெடுப்பை முன்கூட்டியே ஆடிப்பார்த்த ஜெர்மன் தளபதி பவுலஸுக்கு, வழியில் நின்று சரக்குச் சேர்க்காமல் போக முடியாது என்று அந்த ஆட்டம் காட்டியது. மேலிடம் காது கொடுக்கவில்லை. அதே பவுலஸ் 1943 ஜனவரியில் ஸ்டாலின்கிராடில் பிடிபட்டார். ஆட்டம் அவரிடம் உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

நாங்கள் இப்போது 1944 ஜூனில் தொடங்கிய சோவியத்தின் பக்ராத்தியான் நடவடிக்கையை ஆடுகிறோம். ஜெர்மனியின் டாங்கிப் பிரிவுகள் தெற்கே உக்ரைனில் காத்திருக்க, அடி பெலாருஸில் விழுந்த அந்தப் போர். சதுப்பில் மரத்தடி பரப்பிச் சாலை போட்டு டாங்கிகளைக் கொண்டுவந்தார்கள். சோவியத் போர்க்கலையின் உச்சம் அது. ஆனாலும் கூர்ஸ்க் அளவுக்கு யாரும் ஆடுவதில்லை. நடுவர், தஃபேதார் மாமா. எரிபொருளுக்கு மஞ்சாடி முத்து. ஒரு வில்லை இரண்டு கட்டம் நகர்ந்தால் ஒரு முத்தை அவர் எடுத்துக்கொள்வார். உடைந்த வண்டிக்குப் பட்டறைப் பெட்டி தனி.

போன ஞாயிறு போரிசோவ் பாலத்துக்கு இப்பால் எங்கள் டெக்னோபார்க் நண்பரின் பாந்தர்கள் மூன்று நின்றன. நல்ல மேடு, தெளிவான பார்வை, நான் எந்தப் பக்கம் போனாலும் அடிவாங்கும் இடம். அவர் தட்டில் ஒரே ஒரு முத்து மிச்சம். என் டி-34 வில்லைகளை வடக்கே ஆற்றோரமாகத் திருப்பி, அவர் பீரங்கிக்கு எட்டாத தொலைவில் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அவர் ஒரு பாந்தரை இரண்டு கட்டம் நகர்த்திவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா கைநீட்டி அந்தக் கடைசி முத்தை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, அடுத்த சுற்று என்றார்.