காலுறைக் கேள்வியும் கோலமிடும் முழங்காலும்

முழங்கால் வலியால் நெடுநாளாக வருந்துவோரிடம், "இனி மூட்டை மாற்றிவிடலாம்" என்று மருத்துவர் சொல்லும் நாள் ஒன்று வருகிறது. அன்று முதல் அந்த வீட்டில் ஒரே பேச்சுத்தான்: செய்துகொள்ளலாமா, வேண்டாமா? இக்கேள்விக்கு விடை காண அறிவியல் நமக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பதை இங்கு ஆராய்வோம்.

அதற்காக ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். டென்மார்க் நாட்டில் நடந்த அந்த ஆய்வு, 2015-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் அமெரிக்க மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. முழங்கால் மாற்று அறுவையையும் அறுவையில்லா மருத்துவத்தையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிட்ட ஆய்வுகளில் அதற்குச் சிறப்பான இடம் உண்டு. காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் முகப்பில் உட்கார்ந்து அதைப் படித்தால் நமக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்று பார்ப்போம்.

ஆய்வு நடந்த விதம்

முதலில் அறுவையைப் பற்றிச் சில சொற்கள். தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சேருமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு உறைபோல் அமைந்திருக்கிறது. வயது, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை முதலிய காரணங்களால் இது தேய்ந்து போகலாம். மூட்டு மாற்று அறுவையில், தேய்ந்த எலும்பு முனைகளை மெல்லியதாகச் சீவி எடுத்துவிட்டு, கோபால்ட்-குரோமியம் போன்ற உலோகக் கலவையால் ஆன உறைகளைப் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் இடையே பாலிஎத்திலீன் தகடு ஒன்று அமர்கிறது. இன்று வழங்கும் முறைக்கு முன்னோடியான செயற்கை மூட்டு 1974-இல் நியூயார்க்கில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

டென்மார்க் ஆய்வாளர்கள், அறுவைக்கு ஏற்றவர்கள் என்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்த 100 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் இவர்களை ஐம்பது ஐம்பது பேராகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அறுவை செய்து, அதன்பின் 12 வாரப் பயிற்சி அளித்தார்கள். மறு பிரிவினருக்கு அறுவை இல்லை. 12 வாரப் பயிற்சி மட்டுமே. பயிற்சி என்றதும் காலை நீட்டி மடக்கும் நாலைந்து அசைவுகள் என்று எண்ணிவிட வேண்டா. வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், பயிற்றுநரின் மேற்பார்வையில் நடந்த உடற்பயிற்சி அது. அத்துடன் நோய் பற்றிய விளக்கம், எடை குறைக்க உணவு முறை, காலணிக்குள் வைக்கும் தகடு, தேவைக்கேற்ற வலி மாத்திரை ஆகியவையும் தரப்பட்டன.

ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினரும் முன்னேறியிருந்தார்கள். 100 புள்ளி கொண்ட அளவுகோலில் அறுவை செய்துகொண்ட பிரிவினர் சராசரியாக 32.5 புள்ளியும், மற்றவர்கள் 16 புள்ளியும் உயர்ந்தார்கள். அறுவையின் பயன் ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் கடுமையான பாதக நிகழ்ச்சிகள் அறுவைப் பிரிவில் 24, மறு பிரிவில் 6. அறுவையில்லாப் பிரிவின் 50 பேரில் 13 பேர் அந்த ஓராண்டுக்குள்ளேயே மனம் மாறி அறுவை செய்துகொண்டார்கள். இரண்டாண்டு முடிவில் இத்தொகை 16 ஆயிற்று.

ஒரே ஆய்வு, இரண்டு விளம்பரம்

இந்த எண்களைக் கொண்டு இரு வேறு விளம்பரம் எழுதிவிடலாம் என்பதைக் கவனியுங்கள். "அறுவையால் இருமடங்கு நிவாரணம்" என்று ஒருவர் எழுதலாம். "மூன்றில் இரண்டு பேருக்கு இரண்டாண்டுக்குப் பின்னும் அறுவை தேவைப்படவில்லை" என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டும் உண்மை; இரண்டும் பாதி உண்மை.

இந்த ஆய்வின் பெருமையே, இரு பக்கத்தையும் மறைக்காமல் வைத்ததுதான். அதுவரை அறுவைக்கு முன்னும் பின்னும் வலியை அளந்து பார்த்து, "குறைந்தது" என்று சொன்னவையே மிகுதி. பயிற்சியாலும் காலப் போக்காலும் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கழித்துப் பார்க்க அவற்றில் வழியில்லை. இங்கு அந்த வழி உண்டு.

ஆனால் குறைகளும் உண்டு. முதலாவது, முந்தைய வாரத்தில் வலி 100-க்கு 60-ஐத் தாண்டியிருந்தவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை. ஆகவே இரவெல்லாம் உறக்கமின்றித் தவிக்கும் ஒருவர், "பயிற்சியே போதும் என்று டென்மார்க்கில் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று தம்மைத் தேற்றிக்கொள்ள இந்த ஆய்வில் இடமில்லை. இரண்டாவது, தமக்கு அறுவை நடந்ததா இல்லையா என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். பெரிய அறுவை ஒன்றைச் செய்துகொண்டவர் பயன் இருப்பதாக உணர முனைவது மனித இயல்பு. அந்த மனநிலையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்ல இயலாது.

மூன்றாவது குறை நம் ஊருக்கே உரியது. அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

அளவுகோல் என்ன கேட்டது?

அந்த 100 புள்ளி எங்கிருந்து வந்தது? 1998-இல் வெளியான 'கூஸ்' என்னும் வினாத்தாளிலிருந்து. இதில் 42 கேள்விகள், ஐந்து பகுதிகள். வலி, நோய்க்குறிகள், அன்றாடச் செயல்கள், விளையாட்டும் பொழுதுபோக்கும், வாழ்க்கைத் தரம் என்பன அவை. டென்மார்க் ஆய்வின் முதன்மை மதிப்பெண், இவற்றுள் நான்கு பகுதிகளின் சராசரி. விட்டுவிட்ட ஐந்தாவது பகுதி, விளையாட்டும் பொழுதுபோக்கும்.

இதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் பந்தாடப் போகிறாரா? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பகுதியில் உள்ள ஐந்து கேள்விகளைப் பாருங்கள்: குத்தவைத்து உட்கார்தல், ஓடுதல், குதித்தல், காலை ஊன்றித் திரும்புதல், மண்டியிடுதல்.

இப்போது செட்டிநாட்டு ஆச்சி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். விடிந்ததும் வாசலில் குத்தவைத்துக் கோலமிடுகிறார். அரிவாள்மனையை முன்னே வைத்துக் காய் நறுக்குகிறார். வளவில் காலை மடக்கி உட்கார்ந்து கொட்டான் முடைகிறார். படைப்புக்கும் விசேடங்களுக்கும் உறவினர் கூடினால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பந்தி. வீட்டுக் கழிப்பறையோ பழைய மாதிரி. டென்மார்க்கில் விளையாட்டு என்று தள்ளப்பட்ட குத்தவைத்தல், காரைக்குடியில் காலை ஆறு மணி வேலை.

அன்றாடச் செயல்கள் என்ற பகுதியில் 17 கேள்விகள் உள்ளன. இவை 1982-இல் கனடாவில் உருவான 'வொமாக்' என்னும் பழைய வினாத்தாளிலிருந்து வந்தவை. மாடிப்படி ஏறுதல், இறங்குதல், நடத்தல் ஆகியவை நமக்கும் பொருந்தும். உயர்ந்த மேடை மேல் கட்டிய செட்டிநாட்டு வீடுகளில் படிகளுக்கா பஞ்சம்? ஆனால் காலுறை அணிவதற்கு ஒரு கேள்வி, காலுறையைக் கழற்றுவதற்கு ஒரு கேள்வி, காரில் ஏறி இறங்குவதற்கு ஒன்று, குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவதற்கு ஒன்று. நம் ஆச்சிக்குக் காலுறையும் இல்லை, தொட்டியும் இல்லை.

முழங்காலை முழுவதும் மடக்க முடிகிறதா என்று நோய்க்குறிப் பகுதியில் ஒரு கேள்வி இருப்பது உண்மை. முழுவதும் மடக்கும்போது வலிக்கிறதா என்று வலிப் பகுதியிலும் உண்டு. இவற்றின் எடை என்ன? மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நோய்க்குறிப் பகுதியில் 7 கேள்விகள். அப்பகுதி மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு. ஆகவே அக்கேள்வியின் எடை 28-இல் ஒன்று. வலிப் பகுதியில் 9 கேள்விகள். ஆகவே 36-இல் ஒன்று. இரண்டையும் கூட்டினால் 100-க்கு 6 புள்ளியைச் சற்றே தாண்டும். அதாவது, அறுவைக்குப் பின் ஒருவரால் தரையில் உட்காரவே முடியாமற் போனாலும், மற்றவை நன்றாயிருந்தால் அவர் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றுவிடலாம்! ஏடு "வெற்றி" என்று குறிக்கும்; ஆச்சி "என்னத்துக்குச் செய்தோம்" என்பார்.

ஆய்வாளர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தம் நாட்டு மக்களுக்குத் தேவையானதை அவர்கள் அளந்தார்கள். அந்த அளவை அப்படியே நம் தலையில் ஏற்றிக்கொள்வது நம் பிழை. புனே நகரில் வாதநோய் மருத்துவர்கள் வொமாக் வினாத்தாளை இந்தியப் பழக்கங்களுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, கேள்வியையே மாற்ற வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தார்கள்.

எவ்வளவு மடங்கும்?

நாற்காலியிலிருந்து எழவும் மாடிப்படி ஏறி இறங்கவும் முழங்கால் ஏறத்தாழ 90 முதல் 100 பாகை வரை மடங்கினால் போதும். குத்தவைத்து உட்கார 130 பாகைக்கு மேல் வேண்டும். மாற்று மூட்டு பெற்றவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது 110 முதல் 120 பாகை. இடைவெளி எங்கே இருக்கிறது என்று இப்போது விளங்கும். நடையும் படியும் திரும்பக் கிடைக்கும். தரை பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தவர்களும் உண்டு. ஆனால் மருத்துவர் பலர், மூட்டின் நலன் கருதி, குத்தவைப்பதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

"மிகுதியாக மடங்கும் மூட்டு" என்று ஒரு வகை விற்கப்படுகிறது. ஆசிய மக்களுக்கென்றே அமைந்தது என்றும் சொல்லப்படுவதுண்டு. சாதாரண மூட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மடங்கும் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அறுவைக்குப் பின் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது, அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதே. விலை கூடிய மூட்டுக்குப் பணம் தேடுமுன் இதை நினைவில் கொள்வது நல்லது.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. அதுவரை ஒன்றரை இலட்சம் ரூபாயைத் தாண்டி விற்ற கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாயாயிற்று. மிகுதியாக மடங்கும் வகைக்கு விதித்தது 56,490 ரூபாய். தமிழகத்தில் 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடந்து வருகிறது. பணம் என்னும் தடை தாழ்ந்திருக்கும்போது, வேண்டுமா என்ற கேள்வியைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளும் பொறுப்பு கூடுகிறது.

முடிவெடுக்கும் முன்

மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்பார்கள். முழு முழங்கால் மாற்று மூட்டுகளில் 100-க்கு ஏறத்தாழ 82, 25 ஆண்டுகள் நிலைத்திருப்பதாக 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் வயதைப் பொறுத்து இது மாறும். 70 வயதுக்கு மேல் செய்துகொள்பவருக்கு வாழ்நாளில் மறு அறுவை நேரும் வாய்ப்பு 100-க்கு 5 அளவே. 50-ஐத் தாண்டியவுடன் செய்துகொள்ளும் ஆணுக்கு அது 35 அளவு என்று 2017-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு கணக்கிட்டது. வலி முற்றிலும் போய்விடும் என்பதும் உறுதியன்று. 2012-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் 10 முதல் 34 விழுக்காட்டினர் நெடுநாளைக்குப் பின்னும் வருத்தும் வலி இருப்பதாகக் கூறினார்கள்.

ஆகவே, வாசகரே, உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் முதலில் ஒரு தாள் எடுங்கள். நோயாளி எந்தெந்த வேலையைத் திரும்பச் செய்ய விரும்புகிறார் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கவா? பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறவா? இரவில் உறங்கவா? தரையில் பந்தியில் உட்காரவா? முதல் மூன்றும் வலியோடும் நடையோடும் தொடர்புடையவை. அறுவை அவற்றுக்கு உதவ நல்ல வாய்ப்புண்டு. நான்காவதே முதன்மை என்றால், அறுவை அதைத் தருமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். இப்போது முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

முறையான பயிற்சி, மேற்பார்வையோடு, மூன்று மாதம் நடந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நடக்கவில்லை என்றால், அதை முதலில் முயல்வதால் பெரும்பாலோர்க்கு இழப்பில்லை. தேய்மான வலி ஒரே வாரத்தில் முடிவெடுக்க வேண்டிய அவசர நோய் அன்று. எக்ஸ்ரே படத்தில் தெரியும் தேய்வும் உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதே வேளையில், பயிற்சி பயன் தராமல், உறக்கமும் நடையும் போய், மூட்டும் இறுகத் தொடங்கிவிட்டால், அச்சத்தால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நல்லதன்று. இறுகிய மூட்டு அறுவைக்குப் பின்னும் நன்றாக மடங்குவது அரிது.

டென்மார்க் ஆய்வு நல்ல ஆய்வு. தன்னிடம் கேட்ட கேள்விக்கு அது நேர்மையாக விடை சொன்னது. கோலமிடும் முழங்காலைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள்தாம். அதுவும் அறுவைக்கு ஒப்புதல் எழுதித் தருமுன்.