முத்தும் சங்கும் பிறக்கும் இடம்

நெய்தல் திணையைக் கற்பிக்கும் வகுப்பில் கரும்பலகையில் ஓர் அட்டவணை எழுதப்படுவது வழக்கம். தெய்வம் வருணன்; மரம் புன்னை; விலங்கு சுறா; தொழில் மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும். மாணவர் அதனை மனப்பாடம் செய்வர், தேர்வில் எழுதுவர், பின்னர் மறந்தும் விடுவர். தொல்காப்பியர் முதற்பொருளை அடுத்துக் கருப்பொருளை வைத்தமைக்குக் காரணம் உண்டு. நிலத்தின் இயல்பே அந்நிலத்து உயிர்களை வகுக்கிறது என்னும் தெளிவு அவ்வைப்பு முறையில் உள்ளது. அட்டவணையில் அத்தெளிவு தொலைந்து, பெயர்கள் மட்டுமே எஞ்சுகின்றன.

இக்குறை முத்திலும் சங்கிலும் நன்கு புலப்படும். தமிழ்க் கவிதையில் இவ்விரண்டும் உடன்பிறந்தார் போலச் சேர்ந்தே வருவன. பிற்காலக் காப்பியங்களின் நாட்டு வருணனைகளில் சங்கு வயலில் ஏறி முத்தை ஈனுவதும் உண்டு. வளத்தைக் காட்ட எழுந்த உயர்வு நவிற்சி அது. அதனைக் குறை கூறுதல் இரசனையற்ற செயலாகும். ஆயினும் தூத்துக்குடிக் கடலில் குளித்தவர்கள் அவ்விரண்டையும் ஓரிடத்தில் தேடியதில்லை. முத்துச்சிப்பி பாறைத் திட்டில் நூல் போன்ற இழைகளால் தன்னைக் கட்டிக்கொண்டு வாழ்வது. அத்திட்டுக்குப் பரதவர் இட்ட பெயர் ‘பார்’. தொலாயிரம் பார் முதலிய பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. சங்கோ மணல் தரைக்கு உரியது. மணலில் பாதி புதைந்து, அங்குள்ள புழுக்களைத் தின்று வளர்வது. நீரோட்டம் மணலை வாரிப் பாரின் மேல் பரப்பிவிட்டால் இளஞ்சிப்பிகள் மூச்சடைத்து மடியும். முத்துக்குளிப்பு ஆண்டுக்கணக்கில் பொய்த்துப் போனமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை, இலங்கை முத்துப்படுகைகளை ஆராய்ந்த ஹெர்ட்மன், ஹார்னெல் ஆகியோர் 1903 முதல் 1906 வரை வெளிவந்த தொகுதிகளில் விளக்கினர். தூத்துக்குடியின் இறுதிப் பெருங்குளிப்பு நடந்தது 1961இல். பார், மணல் என்னும் இரு சிறு சொற்களில் பரதவர் அடக்கி வைத்திருந்த அறிவு உரைநூல்களுள் புகவில்லை.

கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுயிர்களிடத்தும் இவ்விதியே செல்லும். ஒரு மில்லிமீட்டர் கண்ணுடைய சல்லடையில் நழுவிவிடும் நூற்புழுக்களும் நுண்ணிய ஓடுடைய உயிர்களும் கடலடியில் கோடிக்கணக்கில் உள்ளன. பருமணலில் மணிகளுக்கு இடையே இடைவெளி உண்டு. ஆதலின் அங்கு வாழ்வன ஒடுங்கி நீண்ட உடலுடையன. மென்சேற்றில் அவ்விடைவெளி இல்லை; துளைத்துச் செல்ல வல்லனவே அங்குப் பிழைக்கும். ஒரு சதுர மீட்டர் சேற்றில் பத்து இலட்சம் உயிர்கள் இருத்தல் வியப்பன்று. எனினும் எண்ணிக்கை வேறு, வகை வேறு. கடற்புல்லும் பவளத் துண்டும் கலந்த தரையில் ஒளியவும் ஒட்டவும் மேயவும் இடங்கள் பலவாதலின் வகைகளும் பலவாகின்றன. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே, வற்றுநீரில் தலைகாட்டும் நடுத்திட்டின் கடற்புல் வெளி இதற்கு அண்மைச் சான்று.

இனிக் குறுந்தொகையின் நண்டை நோக்கலாம். ஈரமணலில் அது கீறிய வரிகளை அலை வந்து அழிக்கிறது. காதலின் நிலையாமைக்கோ, ஊரார் அலர் மறைவதற்கோ அது குறியீடாகும் என்று உரைப்பது பொருந்தும். ஆனால் புலவர் அந்நண்டை வளையில் வாழ்வது என்றும் சொல்கிறார். அச்சொல்லை வெறும் அடைமொழி என்று கடந்து செல்லும் ஆசிரியரே மிகுதி. சேற்றின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் ஆழம் வரையே உயிர்வளி செல்லும். அதன் கீழ் கரிய, நாற்றமுடைய சேறு. நண்டின் வளை அக்கருஞ்சேற்றுக்குள் காற்றையும் நீரையும் கொண்டு செல்கிறது. வளைச் சுவரை ஒட்டியே சிற்றுயிர்கள் மொய்க்கின்றன. அளை என்பது நண்டுக்கு வீடு, பிறவற்றுக்கு வாயில்.

இதனைக் காண மாணவர் சங்கக் கொற்கைக்குச் செல்ல வேண்டுவதில்லை. நிபோங் திபால் வட்டாரத்துப் பைராம் தோட்டத்தின் பெயரையே அப்பகுதி அலையாத்திக் காடும் தாங்கி நிற்கிறது. வேர்களுக்கிடையே உதிர்ந்த இலையை நண்டு இழுத்துச் செல்வதும், வற்றுநீரில் சேறு முழுதும் சிறு துளைகளாய்க் கண் திறப்பதும் அத்தகைய காடுகளில் நாள்தோறும் நிகழ்வன. ஆயினும் மலேசியத் தமிழ்ப் புனைகதை பெரிதும் பால்மரத்தையே பார்த்தது. அது பழியன்று, வியர்வை சிந்திய இடத்தை எழுதாமல் வேறெதை எழுதுவது? கடலுக்குச் சென்ற எழுத்தும் மேற்பரப்போடு நின்றது. 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் கடல் என்பது தோணியைத் தூக்கி எறியும் அலை, அக்கதைக்கு அதுவே தகும். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ கரை மனிதரின் கதை. 2004இல் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ வந்தபோதுதான், கடலோடியின் தொழிற்சொற்கள் நாவலின் மொழியாகவே நிறைந்து வந்தன. அந்நாவலைச் சில வாசகர் கடினமென்று ஒதுக்கினர். அக்கடினம் மொழியின் குற்றமன்று. கரையில் நின்றே கடலைப் படித்து வந்த பழக்கத்தின் குற்றம்.

தென்பினாங்குக் கடலில் 2023இல் மண்கொட்டித் தீவு எழுப்பும் பணி தொடங்கியது. மண் விழும் இடத்தில் முதலில் மூடப்படுவது மீனன்று, ஓடிவிட மாட்டாத புழுவும் சிப்பியுமே. அவற்றைக் குறிக்கத் தமிழ் மாணவனிடம் இன்று உள்ள சொற்கள் எத்தனை? சுறா, முதலை என்று அட்டவணை விடை தருகிறது.